1000 ரூபா வந்தபிறகு வேலை நாள் குறைந்ததா? கணக்கு எப்படிப் பார்ப்பது?

மேட்டுலயம் (தலவாக்கலை)

எல்லாருக்கும் வணக்கம். இறுதி வருட ஆய்வுக்காகக் கேட்கிறேன். தோட்டத்தோடு பழக்கமுள்ளவர்களும் புள்ளிவிபரம் படித்தவர்களும் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் பதில் எழுதுங்கள்.

2019 கூட்டு ஒப்பந்தத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா, விலைப்பங்கு 50 ரூபா. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக அது 1000 ஆனது. 900 அடிப்படை, 100 படி. கூட்டு ஒப்பந்தம் அதோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) கேட்டாலும் ஒரே பேச்சுத்தான்: "சம்பளம் கூடிச்சு, பேர் குறைஞ்சிச்சு." பேர் என்றால் கணக்கில் விழும் ஒரு நாள் வேலை. உயர்தரத்தில் படித்த கேள்வி நிரம்பல் படமும் அதையே சொல்கிறது. சந்தை தீர்மானிப்பதற்கு மேலே சம்பளத்தைத் தூக்கி வைத்தால் வேலை கொடுப்பவர் ஆளைக் குறைப்பார்.

ஒரு தோட்டத்தின் செக்ரோல் (வேலை நாள் பதியும் பதிவேடு) விபரம், ஆட்களின் பெயரை நீக்கி, 2019 தொடக்கம் 2023 வரை கிடைக்கும் போலிருக்கிறது. சம்பளத்தையும் மாத வேலை நாளையும் வைத்து ஒரு ரிக்ரெஷன் (ஒன்று மாறும்போது மற்றது எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் கணக்கு) போட்டால் வேலை முடிந்தது என்கிறார் கூடப் படிக்கும் ஒருவர். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. நான் பிறந்து வளர்ந்த இடத்தைப் பற்றி எழுதுவது, பிழையான முடிவு ஒன்றை நாலு பேர் மேற்கோள் காட்டும்படி விட்டுவிடக்கூடாது. எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய பீல்ட் ஒபீசர் (ஹட்டன்)

மகள், நல்ல தலைப்பு. கம்பனிப் பக்கக் கணக்கையும் ஒருவர் சொல்ல வேண்டும், அதனால் நான் தொடங்குகிறேன்.

பச்சைக் கொழுந்து நாலரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடப் போட்டால்தான் ஒரு கிலோ தேயிலை வரும். 21.5 வீதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ஆள் 20 கிலோ எடுத்தால் 4.3 கிலோ தேயிலை. அந்த ஆளுக்கு 1000 ரூபா கொடுத்தால் ஒரு கிலோ தேயிலையில் கொழுந்துப் பறிப்புக்கு மட்டும் ஏறத்தாழ 233 ரூபா. 2021-ல் கொழும்பு ஏலத்தில் சராசரி விலை 600 ரூபா சொச்சம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பறிக்கும் கையிலேயே போய்விட்டது. சேமலாப நிதி, புல்லு வெட்டு, கவ்வாத்து (தேயிலைச் செடியைக் கத்தரிப்பது), பெக்டரி, விறகு, கரண்ட், உத்தியோகத்தர் சம்பளம் எல்லாம் அதற்கு மேல். விளைச்சல் குறைந்த மலையை நிர்வாகம் ஏன் கைவிடுகிறது என்று இந்தக் கணக்கைப் பார்த்தால் விளங்கும். சம்பளம் ஏறினால் வேலை நாள் குறையும் என்பது புத்தகத்தில் மட்டும் உள்ள விஷயமில்லை.

கொழுந்துக்கூடை (பொகவந்தலாவை)

ஐயா சொல்லும் 233 ரூபாவை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு 20 கிலோவில் தொடங்குகிறது. 20 என்பது எப்போது வந்தது? எங்கள் அம்மா பேர் போட்ட காலத்தில் 16, அப்புறம் 18. 1000 ரூபா வந்த சூட்டோடு 20 என்றார்கள். நிறுக்கும்போது தண்ணிக்கு, சாக்குக்கு, முத்தல் இலைக்கு என்று இரண்டு மூன்று கிலோ கழித்த பிறகு வரும் 20.

தங்கச்சி, வேலை நாள் குறைந்தது என்று எழுதுமுன், வேலை நாள் என்று எதை எண்ணுகிறீர்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். அம்மா காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போய், மழையில் மலையேறி, அந்திக்கு வீடு வருவார். செக்ரோலில் அரை விழுந்திருக்கும்.

செக்ரோல்காரன் (மஸ்கெலியா)

அக்கா சொல்வதை நான் ஒபீசில் இருந்து பார்த்தவன். அதைக் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன், இந்த ஆய்வே இதில்தான் நிற்கிறது.

செக்ரோல் பக்கத்தில் ஆள் இலக்கம் இடதுபக்கம் இருக்கும். மேலே தேதி 1 முதல் 31 வரை ஓடும். ஒவ்வொரு கட்டத்திலும் 1 அல்லது ½ அல்லது ஒன்றுமில்லை. கிலோ வேறு கொப்பியில், காலை நிறுவை, பகல் நிறுவை, அந்தி நிறுவை என்று மூன்றாக இருக்கும். மாத முடிவில் எண்ணுவது அந்த 1-களையும் ½-களையும். வந்த நாள் என்று தனியாக ஒரு கூட்டுத்தொகை எங்கள் ஒபீசில் போடுவதில்லை.

எடுத்துக்காட்டுக்கு ஒரு ஆளை எடுப்போம். மாதம் 24 நாள் வருகிறார். 14 நாள் 21 கிலோ, 10 நாள் 19 கிலோ. மொத்தம் 484 கிலோ. ஒரு முழுப்பேருக்கு எடுக்க வேண்டிய கிலோ, அதாவது நோர்ம், 18 என்றால் 24 பேர். நோர்ம் 20 என்றால் 14 முழுப்பேர், 10 அரைப்பேர், ஆக 19 பேர். வந்த நாள் மாறவில்லை. எடுத்த கொழுந்தும் மாறவில்லை. செக்ரோலில் மட்டும் 24 இருந்தது 19 ஆகிவிட்டது. தங்கச்சியின் ரிக்ரெஷன் இதை "வேலை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது" என்று படிக்கும்.

காசையும் பாருங்கள். 750-க்கு 24 பேர் 18,000 ரூபா. 1000-க்கு 19 பேர் 19,000. நாட்சம்பளம் மூன்றில் ஒரு பங்கு கூடியபோது கையில் வந்தது ஆயிரம் ரூபா மட்டும். நோர்முக்கு மேலே எடுத்த மேலதிகக் கிலோவையும் சேருங்கள். கிலோவுக்கு 40 ரூபா என்று வைத்தால் முன்பு 52 மேலதிகக் கிலோவுக்கு 2,080, இப்போது 14 கிலோவுக்கு 560. ஆக முன்பு 20,080, இப்போது 19,560. சம்பளம் கூடிய மாதத்தில் வருமானம் இறங்கிவிட்டது.

எல்லாத் தோட்டத்திலும் இப்படி என்று நான் சொல்லவில்லை. சில இடத்தில் அரைப்பேர் போடாமல் கிலோக் கணக்கில் கைக்காசு கொடுக்கிறார்கள். அதனால் தோட்டத்துக்குத் தோட்டம் கேட்டுக்கொண்டு போங்கள்.

மேட்டுலயம்

அண்ணே, இது பெரிய விஷயம். அப்படியென்றால் கிலோக் கொப்பியும் வேண்டும். அது கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கிறேன். கிலோ கிடைத்தால் முதலில் என்ன செய்வது?

பேராதனைவாசி (கண்டி)

ரிக்ரெஷனை ஒரு பக்கம் வையுங்கள். முதலில் கிலோவுக்கு ஒரு பரம்பல் வரைபடம் போடுங்கள். ஒரு ஆள் ஒரு நாளில் எடுத்த கிலோ கிடையச்சில், எத்தனை ஆள்நாள் என்பது நிலைக்குத்தில். 2020-க்கு ஒன்று, 2021 பிற்பகுதிக்கு ஒன்று.

நோர்ம் இல்லாத உலகத்தில் அந்த வளையி ஒரு மேடு மாதிரி ஏறி இறங்கும். நோர்ம் இருந்தால் அந்த இடத்தில் ஒரு முள் எழும்பும். 17 எடுத்தவர் கொஞ்சம் மூச்சைப் பிடித்து 18 ஆக்குவார், 12 எடுத்தவர் எட்டாது என்று தெரிந்து விட்டுவிடுவார். முள்ளுக்கு இடப்பக்கம் பள்ளம் விழும். வரிப் படிநிலைகளின் விளிம்பில் மக்கள் வருமானத்தைக் காட்டும் விதத்தைப் படிப்பவர்கள் இதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். முள் 18-ல் இருந்து 20-க்கு நகர்ந்திருந்தால் கொழுந்துக்கூடை சொன்னது உங்கள் தரவிலேயே கண்ணுக்குத் தெரியும். யாரும் மறுக்க முடியாது.

அடுத்தது, "சம்பளம் கூடினால் வேலை குறையும்" என்ற விதி. அதை அப்படியே எடுக்க வேண்டாம். 1992-ல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலம் குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கு 4.25 டொலரிலிருந்து 5.05 ஆக்கியது. பக்கத்து பென்சில்வேனியா 4.25-லேயே நின்றது. டேவிட் கார்ட், அலன் குரூகர் இருவரும் எல்லையின் இரு பக்கமும் இருந்த துரித உணவுக் கடைகள் 410-ஐ முன்னும் பின்னும் விசாரித்தார்கள். நியூ ஜேர்சியில் வேலை குறையவில்லை. 1994-ல் கட்டுரை வந்தது. பொருளியல் துறையே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. 2021-ல் கார்டுக்கு நோபல் பரிசு. குரூகர் 2019-லேயே இறந்துவிட்டார்.

அந்தச் சண்டையில் உங்களுக்கு முக்கியமான இடம் ஒன்று உண்டு. நியூமார்க், வாஷர் என்ற இருவர், தொலைபேசியில் கேட்ட எண்ணிக்கையை நம்ப முடியாது என்று சொல்லி, கடைகளின் சம்பளப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு எதிர்முடிவுக்கு வந்தார்கள். கார்டும் குரூகரும் அரச பதிவுகளை வைத்துத் திரும்பப் பதில் எழுதினார்கள். கேள்வி ஒன்றே. வேலையை எந்தப் பதிவில் எண்ணுவது என்பதுதான் முடிவை இழுத்தது. செக்ரோல்காரன் சொன்ன 24-ம் 19-ம் அதே சங்கதி.

பழைய பீல்ட் ஒபீசர்

சேர், அமெரிக்காக் கடையில் ஆள் இன்றைக்கு இங்கே, நாளைக்கு எதிர்க்கடையில். தோட்டம் அப்படியில்லையே. அதை இங்கே பொருத்தலாமா?

பேராதனைவாசி

ஐயா கேட்டது நல்ல கேள்வி. தோட்டம் அப்படியில்லை என்பதால்தான் பாடப்புத்தகப் படம் இன்னும் பொருந்தாமல் போகிறது.

அந்தப் படம், நூறு முதலாளி, ஆயிரம் தொழிலாளி, யாரும் யாரையும் விட்டுப் போகலாம் என்ற எடுகோளில் வரைந்தது. தோட்டத்தில் வீடும் வேலையும் ஒரே கையில். லயக் காம்பராவை விட்டு வெளியேற முடியாதவர் சம்பளம் குறைவு என்று பக்கத்துத் தோட்டத்துக்கு இலகுவில் போக முடியாது. வாங்குபவர் ஒருவர் மட்டும் இருக்கும் சந்தை. ஜோன் ரொபின்சன் 1933-லேயே இதற்கு மொனொப்சனி என்று பெயர் வைத்து எழுதினார். அந்தச் சந்தையில் முதலாளி சம்பளத்தையும் கீழே வைப்பார், ஆளையும் குறைவாகவே எடுப்பார். வெளியிலிருந்து ஒரு சபை சம்பளத்தை ஓரளவு தூக்கினால் வேலைக்கு வருபவர் கூடலாம், குறைய வேண்டும் என்றில்லை. "ஓரளவு" என்பது எவ்வளவு என்பதை வளையியில் தேட முடியாது, தரவில்தான் தேட வேண்டும்.

ஆள் பற்றாக்குறை என்று கம்பனிகள் வருடக்கணக்காகச் சொல்கின்றன. இளம் பிள்ளைகள் கொழும்புக் கடைக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். ஒரு பொருள் தட்டுப்பாடாக இருந்தால் அதன் விலை ஏற வேண்டும். ஏறாமல் தட்டுப்பாடு மட்டும் நீடித்தால், விலை சந்தையில் தீர்மானமாகவில்லை என்பதற்கு அதுவே ஒரு அடையாளம்.

ஊவாக்காற்று (ஹாலிஎல)

நான் சிறுபற்றுநிலக்காரன். இரண்டு ஏக்கர். எங்கள் பக்கத்தில் கதை வேறு மாதிரி, ஒப்பிடக் கிடைத்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

எங்களுக்கு நாட்சம்பளம் யாரும் நிர்ணயிப்பதில்லை. பெக்டரி ஏலத்தில் எடுத்த சராசரி விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் பெக்டரிக்கு என்ற கணக்கில் கொழுந்து விலை வரும். ஆள் பிடித்தால் கிலோக் கணக்கில் கொடுப்போம். விலை ஏறிய மாதம் கூடக் கொடுக்காவிட்டால் ஆள் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். நாட்டின் தேயிலையில் பெரும்பகுதி இப்போது எங்களைப் போன்றவர்களிடமிருந்துதான் வருகிறது. நியூ ஜேர்சிக்குப் பென்சில்வேனியா மாதிரி பெருந்தோட்டத்துக்கு எங்களை வைத்து ஒப்பிட முடியாதா?

பேராதனைவாசி

ஆசையாக இருக்கிறது, ஆனால் கவனம். ஒப்பீட்டுக் குழு என்றால், சம்பளம் மாறாதிருந்தால் இரண்டும் ஒரே போக்கில் போயிருக்கும் என்று நாம் நம்பக்கூடியதாக இருக்க வேண்டும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். வருட முடிவுக்குள் தளர்த்தினாலும் அடி விழுந்துவிட்டது. நாட்டின் தேயிலை 2021-ல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோ, 2022-ல் 250 மில்லியனுக்கு இறங்கியது. அந்த அடி கம்பனித் தோட்டத்திலும் இரண்டு ஏக்கரிலும் ஒரே அளவில் விழவில்லை. தாழ்நிலச் சிறுபற்று, உரத்தை நம்பி அதிக விளைச்சல் எடுக்கும் நிலம். மேல்நிலம் வேறு. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டபோது டொலர் 200-லிருந்து 360 பக்கம் போனது. அதுவும் சேர்ந்து குழப்பும்.

சம்பளம், உரம், டொலர் மூன்றும் பதினைந்து மாதத்துக்குள் வந்து விழுந்த இடத்தில் முன் - பின் பார்த்து ஒன்றின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. பருவத்தையும் மறக்கக்கூடாது. மேற்குச் சரிவில் மார்ச் காய்ந்த மாதம், ஏப்ரல் மே கொழுந்து குவியும் மாதம். மார்ச்சையும் மேயையும் ஒப்பிட்டால் சம்பளம் கூடியதால் கொழுந்து கூடியது என்றே முடிவு வரும்!

என் யோசனை இது. ஒப்பீட்டுக் குழுவைத் தோட்டத்துக்கு வெளியே தேட வேண்டாம், உள்ளேயே இருக்கிறது. 2019, 2020 கிலோக் கொப்பியை வைத்து ஆட்களைப் பிரியுங்கள். வழக்கமாக 24, 25 கிலோ எடுப்பவர்களுக்கு நோர்ம் 18 ஆனாலும் 20 ஆனாலும் முழுப்பேர்தான். வழக்கமாக 18, 19 எடுப்பவர்களைத்தான் புதிய நோர்ம் பிடிக்கும். உரமும் டொலரும் மழையும் இரண்டு கூட்டத்துக்கும் பொது. இரண்டுக்கும் இடையில் புதிதாகத் திறக்கும் இடைவெளி நோர்மின் வேலை.

செக்ரோல்காரன்

சேர், ஒரு இடறல் இருக்கிறது. உரம் இல்லாமல் இலை குறைந்தபோது 24 எடுத்தவரும் 20-க்குக் கீழே வந்தார். அப்போது அவரையும் நோர்ம் பிடித்ததே.

இன்னொன்று, மலை. ஒரே ஆள் நல்ல மலையில் 26 எடுப்பார், அடுத்த நாள் கற்பாறை மலையில் 15. எந்த நாள் எந்த மலை என்பதை கங்காணி முடிவு செய்வார். கவ்வாத்து வெட்டி வரும் மலையில் நோர்மையே குறைத்துப் போடுவதும் உண்டு.

பேராதனைவாசி

இரண்டும் சரியான இடறல்கள். மலை இலக்கம் கொப்பியில் இருக்குமானால் ஒரே மலையில் ஒரே நாளில் பறித்தவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடலாம். மலையின் குணமும் அன்றைய மழையும் அப்போது கழிந்துவிடும். உரத்துக்கு, 2021 மார்ச் முதல் ஜூன் வரை மட்டும் எடுங்கள். உரத் தட்டுப்பாடு செடியில் தெரியச் சில மாதம் போகும். 2019-ன் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள். 2020-ல் அந்த மாதங்களில் ஊரடங்கு.

தரவு குறையும், உண்மைதான். ஆயிரம் பிழையான வரிகளை விட இருநூறு நல்ல வரிகள் மேல்.

கொழுந்துக்கூடை

கணக்கெல்லாம் நன்றாக விளங்குகிறது. ஆனால் 1000 ரூபாவை 1000 ரூபா என்றே வைத்துப் பேசுகிறீர்களே. 2022-ல் அந்த 1000 ரூபாவுக்கு ரொட்டி மா எத்தனை கிலோ வந்தது?

பேராதனைவாசி

அதைத்தான் எழுத இருந்தேன். எந்தச் சம்பளம் என்று கேட்காமல் மாதிரியுருவுக்குள் சம்பளத்தைப் போடக்கூடாது.

கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் 2022 செப்டெம்பரில், ஒரு வருடத்துக்கு முந்தியதை விட 69.8 வீதம் கூட. 2021 செப்டெம்பரில் 1000 ரூபாவுக்கு வாங்கியது ஒரு வருடத்தில் 1,698 ரூபா. அடுத்த வருடம் 1.3 வீதம் ஏற்றம், அதற்கடுத்த வருடம் 0.5 வீதம் இறக்கம். ஆக 2024 செப்டெம்பரில் அதே சாமான் ஏறத்தாழ 1,711 ரூபா. 1700 என்று முதலில் வந்த வர்த்தமானி நீதிமன்றம் வரை போய், கடைசியில் அதே செப்டெம்பரில் 1350 அடிப்படை என்று நின்றது. 1350-ஐ 1,711-ஆல் வகுத்தால் 0.79. சம்பளம் 350 ரூபா கூடிய பிறகும் 2021-ஐ விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 1700-ம் முழுதாகக் கிடைத்திருந்தால்கூட 2021-ஐ எட்டியிருக்காது.

இதுவும் கொழும்புச் சாமான் கூடையின் கணக்கு. உணவு மட்டும் அந்த 2022 செப்டெம்பரில் 94.9 வீதம் ஏறியிருந்தது. வருமானம் குறையக் குறைய செலவில் உணவின் பங்கு கூடும் என்று எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-லேயே காட்டினார். லயத்து வீட்டின் செலவில் மாவும் அரிசியும் பருப்பும் கொழும்பு வீட்டை விடக் கூடுதல் பங்கு. அதனால் லயத்தின் பணவீக்கம் 69.8-ஐ விடக் கூடவே இருந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

முதலாளியின் பக்கம் பார்க்க வேண்டிய சம்பளம் இன்னொன்று. பீல்ட் ஒபீசர் ஐயா சொன்ன 233 ரூபாவையே எடுங்கள். 2022-ல் ஏலச் சராசரி 1200-ஐத் தாண்டியது, நாட்சம்பளம் அதே 1000. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தது ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போனது. தொழிலாளிக்கும் சம்பளம் இறங்கிவிட்டது, தேயிலை விலையோடு பார்த்தால் கம்பனிக்கும் சம்பளச் சுமை இறங்கிவிட்டது. இந்த இரண்டு வருடத்தை "சம்பளம் ஏறிய காலம்" என்று தலைப்பிட்டு வேலை நாளை அதன் மேல் ஓட விட்டால், விடையின் குறியே மாறிப் போகும். தங்கச்சியின் ஆய்வில் நான் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருப்பேன் என்றால் இதில்தான்.

பழைய பீல்ட் ஒபீசர்

சேர், விலை ஏறியது உண்மை. அதோடு உரமூட்டை விலை, டீசல், 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறிய மின்கட்டணம் எல்லாம் சேர்ந்து ஏறின. இலையும் குறைந்தது. கம்பனிக் கையில் எவ்வளவு மிஞ்சியது என்பது விலையை மட்டும் பார்த்தால் தெரியாது. ஆனால் சம்பளம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அந்தக் காலத்தில் பேசியது நிற்காது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. அதை நான் ஏற்கிறேன்.

மேட்டுலயம்

இன்னொரு கேள்வி. முன்னுரையில் வறுமை வீதம் எழுத வேண்டும். குடும்ப வருமான செலவின அளவீட்டில் 2016-க்கு தோட்டத்துறை 8.8 வீதம், 2019-க்கு 33.8 வீதம். மூன்று வருடத்தில் நாலு மடங்கா?

பேராதனைவாசி

இல்லை. இடையில் கோடு மாறியது. 8.8 என்பது 2002-ஐ அடியாக வைத்த பழைய வறுமைக்கோட்டில் வந்தது. 33.8 என்பது 2012/13-ஐ அடியாக வைத்த புதிய கோட்டில் வந்தது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடவே கூடாது. புதிய கோட்டில் 2019-ன் நகரம் 6.0, கிராமம் 15.0, தோட்டம் 33.8, நாடு 14.3. இந்த நாலையும் ஒன்றோடொன்று ஒப்பிடலாம், அது போதுமான அளவு பேசும்.

பழைய கோட்டிலும் ஒரு பாய்ச்சல் உண்டு: தோட்டத்துறை 2006/07-ல் 32.0, 2009/10-ல் 11.4. மூன்று வருடத்தில் மூன்றில் இரண்டு பங்கு வறுமை போனதாக அங்கே வாழ்ந்தவர் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கோட்டுக்குப் பக்கத்தில் நிறையப் பேர் நெருக்கிக்கொண்டு நின்றால், கோட்டைக் கொஞ்சம் அசைத்தாலே ஆயிரக்கணக்கானோர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஆகிவிடுவார்கள். நீங்கள் எழுதும்போது விகிதத்தோடு இடைவெளியையும் எழுதுங்கள், அதாவது கோட்டுக்கு எவ்வளவு கீழே என்பதை.

2012 தொகைமதிப்பில் தோட்டத்துறை சனத்தொகையில் 4.4 வீதம். 33.8-ஐ 4.4 வீதத்தால் பெருக்கினால் 1.5. நாட்டின் 14.3-ல் தோட்டத்தின் பங்கு ஒன்றரைப் புள்ளி மட்டும். தேசிய சராசரியைப் பார்த்துத் திட்டம் போடுபவர் கண்ணில் மலை படாமல் போவது இப்படித்தான்.

கொழுந்துக்கூடை

அஸ்வெசும என்ற அரச உதவிக் கொடுப்பனவிலும் இதே பிரச்சினை. 2023-ல் சமுர்த்திக்குப் பதிலாக வந்தபோது 22 குறிகாட்டிகள் வைத்துப் புள்ளி போட்டார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு. எங்கள் லயத்தில் ஒரு காம்பராவில் அப்பா அம்மாவும், கல்யாணம் முடித்த மகனின் குடும்பமும். அடுப்பு இரண்டு, கதவு ஒன்று. படிவத்தில் ஒரே குடும்பம். மகன் கொழும்பில் சம்பளம் எடுக்கிறார் என்பதால் அந்தக் கிழவிக்கும் ஒன்றுமில்லை. மேன்முறையீடு போட்டு அலைந்தார்கள்.

ஊவாக்காற்று

ஆனால் அக்கா, முன்பு சமுர்த்தியில் யாருக்குத் தெரிந்தவர் இருக்கிறாரோ அவருக்குத்தான் என்ற பேச்சு இருந்தது. புள்ளி போடும் முறை அதை விட மேல் என்று நினைக்கிறேன்.

பேராதனைவாசி

முறை மேல்தான். சரி பார்க்க வேண்டியது இரண்டு பிழைகளை: கொடுக்க வேண்டியவருக்குக் கொடுக்காமல் விட்டது, கொடுக்கக் கூடாதவருக்குக் கொடுத்தது. ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது கூடும். எது பெரிய பாவம் என்பதைப் புள்ளிவிபரம் சொல்லாது, அதை ஊர்தான் சொல்ல வேண்டும். என் மனதுக்கு, சாப்பாடு இல்லாத வீட்டை விட்டுவிடுவது பெரிய பிழை. நாடு முழுவதுக்கும் ஒரே நிறையை வைத்தால், சொந்த வீடோ காணியோ யாருக்குமே இல்லாத லயத்தில் அந்தக் கேள்விகள் யாரையும் யாரிடமிருந்தும் பிரிக்காது. எல்லாரும் ஒரே விடை சொல்லும் கேள்வியால் என்ன பிரயோசனம்? ஆனால் இது தனி ஆய்வு. தங்கச்சி இதற்குள் இறங்க வேண்டாம்.

மேட்டுலயம்

இறங்கவில்லை சேர், முன்னுரையில் ஒரு பந்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். இப்போது திட்டம் இது. கேள்வியையே மாற்றுகிறேன்: 2021 மார்ச்சுக்குப் பிறகு நோர்ம் நகர்ந்ததா, நகர்ந்திருந்தால் யாருடைய வருமானத்தில் எவ்வளவு போனது? வேலை நாளைப் பேரில் எண்ணாமல், வந்த நாள், எடுத்த கிலோ, கிடைத்த காசு என்று மூன்றாக எழுதுவேன்.

ஒரு பயம் மட்டும். 2019 செக்ரோலில் இருந்தவர்கள் நிறையப் பேர் 2021-ல் இல்லை.

பேராதனைவாசி

அவர்களைத் தரவிலிருந்து நீக்கிவிட வேண்டாம். 18 எட்டாதவர்தான் முதலில் வேலையை விட்டுப் போவார். மிஞ்சியவர்களின் சராசரிக் கிலோ தானாக ஏறும். "நோர்ம் கூட்டியதால் உற்பத்தித்திறன் ஏறியது" என்று அதைக் காட்டி யாராவது எழுதிவிடுவார்கள். விலகியவர்களைத் தனி அட்டவணையாக, விலகுமுன் கடைசி மூன்று மாதக் கிலோவோடு காட்டுங்கள்.

செக்ரோல்காரன்

தங்கச்சி, ஒபீசில் கிலோக் கொப்பி தர மறுத்தால் சம்பளச் சீட்டு போதும். எங்கள் பக்கத்துச் சீட்டில் பேர், அரைப்பேர், மேலதிகக் கிலோ மூன்றும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கும். எங்கள் அம்மாவும் சித்தியும் பழைய சீட்டுகளை மாதவாரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். பெயரையும் ஆள் இலக்கத்தையும் மறைத்துப் படம் எடுத்து அனுப்புகிறேன். வந்த நாள் மட்டும் சீட்டில் இருக்காது. அதை வீட்டில் கேட்டு எழுத வேண்டும், நாலு வருடத்துக்கு முந்திய நாள் கணக்கு நினைவில் நிற்காது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

கொழுந்துக்கூடை

எங்கள் லயத்திலும் கேட்கிறேன். கொடுப்பவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு: எழுதி முடித்ததும் தமிழில் இரண்டு பக்கம், எங்களுக்கு வாசிக்கக் கூடியதாக வேண்டும். தோட்டத்தின் பெயர் எங்கும் வரக்கூடாது.

மேட்டுலயம்

இரண்டுக்கும் சம்மதம் அக்கா. சீட்டுகள் வர வர மாதம், பேர், அரைப்பேர், மேலதிகக் கிலோ, கழிவு, கையில் வந்த காசு என்று ஏற்றிவிடுகிறேன். முதல் வரைபடம் வந்ததும் இங்கேயே போடுகிறேன், முள் எங்கே நிற்கிறது என்று எல்லாரும் பாருங்கள்.